மருமகளுக்கு ஒரு கதிரை: இதுவரை செய்து பார்த்தது

தங்கச்சியின் மகளுக்கு ஐந்து வயது. செரிபிரல் பால்சி என்கிற மூளைவாதம். இயக்கத் திறனை வைத்துப் பிள்ளைகளை ஐந்து படியாகப் பிரிக்கும் முறை 1997இல் கனடாவில் வந்தது. அதில் இவள் நான்காம் படி என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தாங்கிப் பிடிக்க ஏதாவது இருந்தால்தான் இருப்பாள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினால் கொஞ்ச நேரத்தில் முதுகு கூனி, முன்னால் வழுக்கி வந்துவிடும். "அண்ணா, பிள்ளையின்ர அளவுக்கு ஒண்டு செய்து தாங்கோ" என்று தங்கச்சி கேட்டாள். ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்வது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. உப்புவெளி வீட்டுப் பின்விறாந்தையில் வேலை தொடங்கியது.

பலகையை இப்போதைக்குத் தொடவில்லை. குளிர்சாதனப்பெட்டி வந்த தடித்த மட்டையை எடுத்துக்கொண்டேன். மட்டையும் கோதுமை மாப் பசையும் வைத்து உறுதியான கதிரை செய்யும் முறையைச் சிம்பாப்வேயில் பெவில் பக்கர் என்பவர் பரப்பினார். மட்டைக்குள் ஓடும் வரிகளை ஓர் அடுக்கில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் வைத்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் வளையாது. மேலே பாரம் வைத்து, பிறகு வெயிலில் நன்றாகக் காய விட வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலையில் காய்வதற்குக் கஷ்டமே இல்லை.

அளவெடுப்பதுதான் உண்மையான வேலை. பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 26 சென்ரிமீற்றர். ஆசனத்தின் ஆழத்தை 23 ஆக வைத்தேன். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். ஆசனம் அதைவிட நீண்டால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. பிள்ளை சறுக்கிப் போய்த்தான் சாயும். பாதம் தொங்கக் கூடாது என்பதால் கால் பலகையை ஏற்றி இறக்கலாம் போலப் பொருத்தினேன்.

தலை சரிகிறதே என்று எல்லாரும் முதலில் தலைக்குத்தான் அணை தேடுவார்கள். நான் இடுப்பிலிருந்து தொடங்கினேன். இடுப்பெலும்பு பின்னால் சரிந்தால் முதுகு கூனும், நாடி மேலே தூக்கும், கை முன்னால் வராது. எனவே ஆசனத்தின் பின்பாதியைத் தாழ்த்தி, தொடை வரும் முன்பாதியை உயர்த்தினேன். கதிரையில் இருக்கும்போது பாரம் தாங்கும் இடுப்பின் அடி எலும்பு அந்தப் பள்ளத்தில் தங்குகிறது. உடம்பை விறைத்துக்கொண்டு முன்னால் தள்ளுவதும் நன்றாகக் குறைந்தது. பெல்ட்டை வயிற்றின் குறுக்கே கட்டவே கூடாது. தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில், ஆசனத்துக்கு ஏறத்தாழ 45 பாகையில் கீழ்நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பை நாடாவில் பஞ்சுத் துணி சுற்றித் தைத்தோம். தொடைகளுக்கு நடுவே சின்னக் கட்டை ஒன்று இருக்கிறது. அது கால்கள் குறுக்கே பின்னாமல் இருக்கத்தான். சறுக்குவதைத் தடுக்க அதை நம்பினால் கவட்டில் அழுத்தும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெல்ட் போடுமுன் பிசியோதெரபிஸ்ட் பிள்ளையின் இடுப்பைக் கையால் மெல்ல நேராக்கிப் பார்த்தார். கைக்கு வருகிற உடம்பைத்தான் கதிரையால் நேரே வைத்திருக்கலாம். வராவிட்டால் இழுத்துக் கட்டாமல், இருக்கிற வளைவைத் தாங்குவது போலக் கதிரையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது பிள்ளைக்கு வேதனை, வேறொன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் இறக்கியதும் தொடை, முதுகு, புட்டம் எல்லாம் பார்க்கிறோம். சிவப்புத் தடம் அரை மணித்தியாலத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அணையை மாற்ற வேண்டும். நல்ல கதிரை என்றாலும் நாள் முழுக்க அதிலேயே வைப்பதில்லை. பாயில் படுப்பதும் தாங்கி நிற்க வைப்பதும் இடையிடையே நடக்கிறது.

முழங்கை உயரத்தில் தட்டம் பூட்டிய பிறகு இரண்டு கையையும் அதில் ஊன்றுகிறாள். நாடி கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதால் சோறு ஊட்டும்போது புரையேறுவது குறைந்திருக்கிறது. தங்கச்சிக்கு அதுதான் பெரிய ஆறுதல். "மாமா" என்று சொல்லித் தட்டத்தில் தட்டுவாள். எனக்கு அது போதும்.

பக்கத் தாங்கிகள் இன்னும் முடியவில்லை. இடப்பக்கம் சாய்கிறாள், அதனால் இரண்டையும் ஒரே உயரத்தில் வைக்கலாமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டும். அப்புறம் மாரி மழை தொடங்குமுன் எனாமல் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்துவிட வேண்டும். அளவு சரியென்று உறுதியானதும் இதே வடிவத்தை ஒட்டுப்பலகையில் வெட்டுவேன்.