இரண்டாவது மிதியில் இறுகிய பிரேக்: காரணத்தைத் தேடிய அனுபவம்

எங்கள் வீட்டுக் கார் தொண்ணூறுகளில் தயாரான ஜப்பானியப் பெற்றோல் கார். காலையில் நிலாவெளிப் பக்கம் ஓடும்போது அதன் பிரேக்கில் ஒரு குறையும் தெரியாது. வெயிலில் திருகோணமலை நகருக்குள் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னர் உவர்மலை இறக்கத்தில் இறங்கினால், முதல் மிதிக்கு வழமைபோல வேகம் குறையும். காலை எடுத்து உடனே மறுபடியும் மிதித்தால் மிதி பாதியில் இறுகி நின்றுவிடும். முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தினால் கார் நிற்கத்தான் செய்தது, ஆனால் அந்தப் பலம் எல்லோருடைய காலிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மிதி மெதுமெதுவென்று அமிழ்ந்தால் பிரேக் எண்ணெய்க் குழாய்களில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கால் அழுத்தும் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரையும், அதற்கு எஞ்சினிலிருந்து வேக்குவம் (காற்றை உறிஞ்சும் வெற்றிடம்) வரும் வழியையும். பூஸ்டருக்குள் ஒரு பெரிய இறப்பர்ச் சவ்வு இருக்கிறது. மிதிக்காதபோது அதன் இரு பக்கமும் வேக்குவம். மிதித்ததும் மிதியின் பக்கம் மட்டும் வெளிக்காற்று உள்ளே விடப்பட, அந்த அழுத்த வேறுபாடு சவ்வை முன்னே தள்ளுகிறது. 23 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சவ்வில் 20 அங்குல (பாதரச அளவில்) வேக்குவம் முழுமையாக வேலை செய்தால், கிடைக்கும் தள்ளுவிசை ஏறத்தாழ 280 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். காலை எடுத்ததும் உள்ளே வந்த காற்றை எஞ்சின், இடையிலுள்ள ஹோஸ் (இறப்பர்க் குழாய்) வழியாக உறிஞ்சி எடுத்தால்தான் அடுத்த மிதிக்கு அதே உதவி கிடைக்கும்.

காட்டிய கராஜில் பூஸ்டரையே மாற்றச் சொன்னார்கள். பாவித்த பூஸ்டர் ஒன்றின் விலையைக் கேட்ட பிறகு, சோதிக்காமல் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எஞ்சினை நிறுத்தி, மிதி இறுகும்வரை பல தடவை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும், இறங்கியது. எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்திப் பிடித்து, எஞ்சினை நிறுத்தி அரை நிமிடம் காத்திருந்தால் மிதி மேலே தள்ளக் கூடாது, தள்ளவில்லை. காலடியில் 'உஸ்' என்ற சத்தம் இல்லை. பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தின் அடியில் விரலால் தடவிப் பார்த்தேன், எண்ணெய் ஈரம் இல்லை. அங்கே கசிவு இருந்தால் பிரேக் எண்ணெய் உள்ளே போய்ச் சவ்வைக் கெடுத்துவிடும். காற்றை எஞ்சின் பக்கம் மட்டும் போகவிடும் ஒருவழி வால்வைக் கழற்றி ஊதினேன். பூஸ்டர் பக்கமிருந்து காற்றுத் தாராளமாகப் போனது, எதிர்ப்பக்கமிருந்து போகவே இல்லை.

ஆனால் இவை யாவும் எஞ்சின் குளிர்ந்திருந்தபோது செய்த சோதனைகள். நோயோ சூட்டில், அதுவும் அடுத்தடுத்து மிதிக்கும்போது மட்டுமே வெளிப்படுகிறது. ஆகவே குளிர்சாதனப் பெட்டி திருத்தும் நண்பரிடமிருந்து ஏசி கேஜை (அழுத்தமானியை) இரவல் வாங்கினேன். அதன் தாழ் அழுத்தப் பக்கம் பூச்சியத்துக்குக் கீழே 30 அங்குலம்வரை வேக்குவத்தைக் காட்டும். அதை ஒரு டீ இணைப்பின் மூலம் பூஸ்டர் அருகே பொருத்தி, எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டு, மருமகனை ஆசனத்தில் இருத்தினேன்.

மிதிக்காதபோது முள் 19 அங்குலத்தில் அசையாமல் நின்றது. இதை மட்டும் பார்ப்பவர் எல்லாம் சரியென்று மூடிவிட்டுப் போயிருப்பார். அடுத்தடுத்து இரண்டு தடவை மிதிக்கச் சொன்னபோது முள் 10க்கும் கீழே விழுந்து, ஊர்ந்து ஊர்ந்து மேலேறியது. "மாமா, ரெண்டாந்தரம் மிதிக்கக்குள்ள இறங்குதில்ல" என்றான். கேஜை இன்டேக் மனிபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வழியில்) இருந்த சிறு குழாய்க்கு மாற்றி அதே சோதனையைச் செய்தபோது முள் ஒரு கணம் தளம்பி உடனே பழைய இடத்துக்கு வந்தது. எஞ்சின் வேக்குவத்தைத் தருகிறது, பூஸ்டர் அதைக் கசியாமல் வைத்திருக்கிறது. இடையிலுள்ள ஹோஸ்தான் காற்றை விரைவாகக் கடத்தவில்லை.

வெளியே பார்த்தால் அந்த ஹோஸில் வெடிப்போ நசிவோ கிடையாது. கழற்றி பிளேட்டால் நீளவாக்கில் பிளந்தேன். மனிபோல்ட் பக்க வளைவில், எஞ்சின் எண்ணெய் ஆவி பட்டு உள் இறப்பர் கறுத்து ஊதியிருந்தது; ஒரு பக்கம் நூல் பின்னலை விட்டுக் கழன்று நாக்குப் போலத் தொங்கியது. சூட்டில் இளகிய அந்த நாக்கை எஞ்சினின் உறிஞ்சல் இழுத்து வழியை அடைத்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அது சற்று விறைப்பாக ஒதுங்கி நின்றிருக்க வேண்டும்.

புதியது வாங்கும்போது கடைக்காரர் முதலில் எடுத்துத் தந்தது பெற்றோல் ஹோஸ். விட்டம் சரியாக இருந்தாலும் அதை நான் ஏற்கவில்லை. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்குச் செய்த குழாய், உள்நோக்கி இழுக்கும்போது, அதுவும் சூட்டில், வளைவில் ஒட்டிக்கொள்ளலாம். பூஸ்டருக்கென்றே வரும் தடித்த சுவருள்ள ஹோஸை, பழையதன் வளைவும் உள்விட்டமும் ஒத்துப்போகும்படி தேடி வாங்கினேன். வால்வை அதன் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்குமாறு பொருத்தி, கிளிப்புகளையும் புதிதாகவே போட்டேன்.

மீண்டும் சூடேற்றி அதே கேஜை வைத்துப் பார்த்தபோது, இரண்டு மிதிக்குப் பின்னும் காலை எடுத்தவுடன் முள் 19க்குத் திரும்பியது. உவர்மலை இறக்கத்திலும் மிதி ஒரே மாதிரி இறங்குகிறது. எண்ணெய் ஆவி அளவுக்கு மீறி வருகிறதா என்று அறிய எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மனிபோல்டுக்கு விடும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே கலகலவென்று ஆடியது, அதாவது இறுகிப்போகவில்லை, இருந்தாலும் பழையது என்பதால் மாற்றிவிட்டேன். இனி முன் சக்கரக் கெலிப்பர் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பாகம்) நகரும் ஊசிகளைக் கழற்றிக் கிறீஸ் பூச வேண்டும். கடற்காற்றில் அவற்றில் ஒன்று ஏற்கெனவே துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.