ஹோ சி மின் பார்த்த வேலை: டச்சிங் பழகிய மூன்று ஞாயிறு

வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் பாரிஸில் போட்டோ டச்சிங் (படத்தில் உள்ள புள்ளி, கீறலைப் பிரஷால் சரிசெய்வது) செய்து பிழைத்தவர் என்று தெரிந்ததிலிருந்து கை துறுதுறுத்தது. 1911 ஜூன் 5-ல் சைகோனிலிருந்து பிரெஞ்சுக் கப்பலில் சமையலறை எடுபிடியாகக் கிளம்பியவர். கொடுத்த பெயர் ‘பா’. பிறகு லண்டனில் ஹோட்டல் சமையல்கட்டு. காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் என் வீட்டில் தினமும் நடக்கிறது, அதில் புதிதாகச் செய்து பார்க்க ஒன்றுமில்லை. டச்சிங்தான் பாக்கி.

முதல் ஞாயிறு: தாத்தா-பாட்டி படம் இரண்டு பிரதி இருந்தது. பூஞ்சை பிடித்ததை எடுத்தேன். பாட்டி கன்னத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. மெல்லிய பிரஷ், கறுப்பு வாட்டர் கலர், ஒரே இழுப்பு. பாட்டிக்கு மச்சம் முளைத்துவிட்டது. ஈரப்பஞ்சால் ஒற்றியும் பாதிதான் போனது.

அடுத்த ஞாயிறு கலரை நன்றாக நீர்க்கவிட்டு, பிரஷை ஒற்றுத்தாளில் ஒற்றி, காய்ந்தும் காயாத முனையால் புள்ளி புள்ளியாக வைத்தேன். சுற்றியிருப்பதைவிட வெளிறலாகத் தொடங்க வேண்டும். நிறத்தை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் பாடு. பழைய படத்தின் கறுப்பு பழுப்பு கலந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. சுத்தக் கறுப்பு அதன்மேல் நீலம் பாரித்தது. துளி பழுப்பு சேர்த்ததும் அடங்கியது. ஒரு கன்னத்துக்கு ஒன்றரை மணி நேரம், கழுத்து பிடித்துக்கொண்டது.

ஹோ சி மின் 1921 முதல் 1923 வரை பாரிஸின் கோம்புவான் சந்தில் 9-ஆம் எண் வீட்டில் இருந்தார். அப்போது பெயர் நுயென் ஐ குவோக். பெற்றோரின் நினைவாக உயிரோட்டமான படம் வேண்டுவோர் தன்னிடம் வரலாம் என்று தொழிலாளர் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்திருக்கிறார். படமும் அதற்குச் சட்டமும் சேர்த்து 45 பிராங்க். குளிருக்கு, அடுப்பில் சுட்ட செங்கல்லைக் காகிதத்தில் சுற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்வாராம். விரல் விறைத்த கையோடு இந்தப் புள்ளிகளை எப்படித்தான் வைத்தாரோ! 1922-லிருந்து ‘லெ பாரியா’ பத்திரிகை வேலை வேறு. எனக்கு ஞாயிறு மதியச் சாப்பாடே தள்ளிப்போகிறது.

மூன்றாம் ஞாயிறு புடவைக் கரை. கன்னத்தைவிட எவ்வளவோ தேவலை. பிசகினாலும் டிசைனோடு டிசைனாகப் போய்விடுகிறது. தாத்தா மீசை இன்னும் பாக்கி. அங்கேயாவது கோடு இழுக்கலாமா, அதற்கும் புள்ளிதானா? ஸ்டுடியோவில் டச்சிங் செய்தவர்கள் யாராவது சொன்னால் அடுத்த வாரம் தொடுவேன்.