பாரிஸ் ஒலிம்பிக்கும் எங்கள் வீட்டுக் கூடமும்

கோடையில் பாரிஸ் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. 2024 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 11 வரை எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையையும் தூங்கும் வேளையையும் முடிவு செய்தது அந்த வித்தியாசம்தான். துப்பாக்கிச் சுடுதலும் ஹாக்கியும் பெரும்பாலும் மதியத்திலோ மாலையிலோ வந்தன. தடகளத்தின் முக்கியமான இறுதிச் சுற்றுகள் நள்ளிரவை ஒட்டி வந்தன. அம்மா, பள்ளியில் படிக்கும் என் மகள், நான் என்று மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில், ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் கூடுவது இப்போதெல்லாம் அரிது. அந்தக் கூட்டத்துக்காகவே எனக்கு ஒலிம்பிக் பிடிக்கும். ஆனால், அந்தப் பதினேழு நாட்களும் வெறும் மகிழ்ச்சியில் கழிந்தன என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்று. டோக்கியோவில் துப்பாக்கி பழுதாகி மனம் உடைந்து திரும்பிய மனு பாக்கர் இம்முறை இறுதிச் சுற்றில் நின்றார். முதல் பத்துக் குண்டுகளுக்குப் பிறகு, இரண்டு குண்டுகளுக்கு ஒருவராகக் கழித்துக்கொண்டே போகும் அந்த முறை பார்ப்பவரைப் பாடாய்ப் படுத்துகிறது. கடைசி மூவரில் ஒருவராக நின்றபோது, வெறும் 0.1 புள்ளி குறைந்ததால் தங்கத்துக்கான மோதலுக்குப் போகாமல் வெண்கலத்தோடு நின்றார். துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். கைதட்டி முடித்த பிறகும் அந்த 0.1 என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "அதான் பதக்கம் வந்துடுச்சே, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கே?" என்று அம்மா கேட்டார். அதே நாளில்தான், தொடக்க விழாவில் பி.வி. சிந்துவுடன் தேசியக் கொடியை ஏந்திச் சென்ற நம் சரத் கமல், டேபிள் டென்னிஸ் ஒற்றையர் முதல் சுற்றிலேயே ஸ்லோவேனிய வீரரிடம் தோற்று வெளியேறினார். நாற்பத்திரண்டு வயதில், ஐந்தாவது ஒலிம்பிக்கில் ஆடிய ஒருவர் மேசையை விட்டு நடந்து போவதைப் பார்த்த வருத்தமும், மனுவின் புன்னகையைப் பார்த்த மகிழ்ச்சியும் ஒரே நாளுக்குள் எப்படி அடங்கின என்று இன்றும் வியக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, ஹாக்கிக் காலிறுதி. பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17ஆவது நிமிடத்திலேயே அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். மீதி நேரம் முழுவதும் பத்துப் பேர்! ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல் போட்டார், பிரிட்டனும் ஒன்று போட்டது. அதன் பிறகு அலை அலையாக வந்த தாக்குதல்களையெல்லாம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷும் தற்காப்பு வீரர்களும் தடுத்தபடியே இருந்தார்கள். அடுப்பில் இருந்த ரசம் கொதித்து வழிந்த மணம் கூடத்துக்கு வந்தும் யாரும் எழவில்லை. ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றபோது, ஹாக்கி விதி ஒன்றுகூடத் தெரியாத அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோல்கீப்பரைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் புள்ளைக்குச் சுத்திப் போடணும்." பிறகு அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்று, ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்துடன் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார்.

இவையெல்லாம் பதக்கப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இல்லாதவைதான் என்னை அதிகம் அலைக்கழித்தன. பாரிஸில் இந்தியா பெற்றவை ஆறு பதக்கங்கள். நான்காம் இடத்தில் முடிந்த போட்டிகளும் ஆறு. ஏர் ரைஃபிளில் அர்ஜுன் பபுதா, கலப்பு வில்வித்தையில் தீரஜும் அங்கிதாவும், இரண்டு பதக்கங்களை வென்று மூன்றாவதன் வாசல் வரை சென்ற அதே மனு பாக்கர். கலப்பு ஸ்கீட் பிரிவில் மகேஸ்வரி சவுகானும் அனந்த்ஜீத்தும் சீன இணையிடம் 43-44 என்று ஒரே புள்ளியில் வெண்கலத்தை இழந்தார்கள். அதே நாளில் லக்‌ஷயா சென், முதல் செட்டை வென்ற பிறகும் மலேசியாவின் லீ ஸி ஜியாவிடம் வெண்கலத்தைப் பறிகொடுத்தார். பளுதூக்குதலில் மீராபாய் சானு தூக்கிய மொத்த எடை 199 கிலோ. மூன்றாமிடம் பெற்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்த கதையை அப்பா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். அவர் குரலில் இருந்த ஆற்றாமை எனக்கு முழுதாக விளங்கியது மீராபாய் மேடையை விட்டு இறங்கிய அந்த இரவில்தான்.

அந்த நாள், ஆகஸ்ட் 7, வேறு விதத்திலும் கொடியது. முந்தைய நாள் மல்யுத்தத்தில் வினேஷ் போகாட், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியை, 0-2 என்று பின்தங்கியிருந்த நிலையில் கடைசி நொடிகளில் வீழ்த்தி, அடுத்தடுத்து இரண்டு பேரையும் வென்று இறுதிக்கு வந்திருந்தார். ஓராண்டுக்கு முன் டெல்லித் தெருவில் போராடியபோது அவர் இழுத்துச் செல்லப்பட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வெற்றி எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. மறுநாள் நண்பகலில் செய்தி வந்தது: 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல் எடை, தகுதி நீக்கம். முதல் நாள் பெற்ற மூன்று வெற்றிகளும் கணக்கில் வராமல் கடைசி இடம். பள்ளி விட்டு வந்த மகள், "முதல் நாள் எடை சரியாத்தானே இருந்துச்சு, அன்னைக்கு ஜெயிச்சதுக்காவது பதக்கம் தரக் கூடாதா?" என்று கேட்டாள். விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் வினேஷ் வைத்த கோரிக்கையும் ஏறக்குறைய இதுதான், அது தள்ளுபடியானது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதை ஏற்கிறேன். ஆனால், மகளின் கேள்வி நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன்.

மறுநாள் நள்ளிரவு, ஈட்டி எறிதல். நீரஜ் சோப்ரா இரண்டாவது முறை 89.45 மீட்டர் எறிந்தார். டோக்கியோவில் அவருக்குத் தங்கம் தந்த 87.58ஐ விட அதிகம். ஆனால், பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையையே மாற்றி எழுதிவிட்டார். நீரஜின் மற்ற ஐந்து முயற்சிகளும் ஃபவுல். ஒவ்வொரு முறையும் எறிந்த வேகத்தில் அவர் கைகளை ஊன்றிக் கீழே விழுவதும், சிவப்புக் கொடி உயர்வதும், அவர் எழுந்து தலையைக் குனிந்தபடி திரும்பி நடப்பதும் தொடர்ந்தன. எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பிறகு, அர்ஷத்தும் நம் பிள்ளைதான் என்று நீரஜின் தாய் சொன்ன செய்தி வந்தது. அந்த ஒற்றைச் சொல்லில் என் வருத்தம் பாதி கரைந்துவிட்டது. தனிநபர் போட்டியில் பாகிஸ்தானுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம் என்று தெரிந்ததும், அர்ஷத் எறிந்ததை மகளோடு சேர்ந்து மீண்டும் போட்டுப் பார்த்தோம். அழகான எறிதல் அது.

வீட்டில் உட்கார்ந்து ஒலிம்பிக் பார்ப்பதில் எனக்குள்ள சங்கடம் என்னவென்று கேட்டால், பாரிஸுக்கும் முன்னால், டோக்கியோவுக்குப் போக வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டைப் பெண்ணான பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியராக, முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றார். தோற்ற பிறகு நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். வாள் விலை அதிகம் என்பதால் மூங்கில் குச்சியில் பயிற்சி தொடங்கிய ஒருவர், நம்மில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஒரு விளையாட்டை அந்த மேடைவரை கொண்டுசென்ற ஒருவர், எதற்காக நம்மிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தொலைக்காட்சிக்கு முன்னால் நாம் வளர்க்கும் எதிர்பார்ப்பின் பாரம் அவர்கள் தோளில்தான் ஏறுகிறது என்ற எண்ணம், ஒவ்வொரு இறுதிச் சுற்றிலும் என் உற்சாகத்தின் அடியில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாரிஸில் ரைஃபிள் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அந்த வெண்கலத்துக்கு முன்னால், அவர் பெயர் எங்கள் கூடத்தில் ஒருமுறைகூட ஒலித்ததில்லை.

2028இல் மறுபடி லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே மாலை ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஏழரை. பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரத்தில் இறுதிச் சுற்றுகள் வரும். 1900க்குப் பிறகு முதன்முறையாகக் கிரிக்கெட்டும் அங்கே இடம்பெறுகிறது. இந்திய அணி ஆடினால் மகிழ்ச்சியோடு பார்ப்பேன். ஆனால், ஒலிம்பிக்கின் போதாவது நம் பார்வை கிடைக்கும் மற்ற விளையாட்டுகளை அது மறைத்துவிடுமோ என்ற கவலை எனக்கு இப்போதே இருக்கிறது. கிரிக்கெட்டும் ஈட்டி எறிதலும் ஒரே நேரத்தில் வந்தால் எதைப் பார்ப்பது என்று மகள் இப்போதே கேட்கிறாள். ஈட்டிதான் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவும் என் பக்கம்.