பச்சையரிசி மில்லுக்குப் பொயிலர் எதற்கு?

பட்டியல் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் எங்கட உள்ளூராட்சி சபை எல்லைக்குள் எந்த நெல் மில், எந்த மர ஆலை, எந்தச் செங்கல் சூளை சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் (ஈ.பி.எல்.) எடுத்திருக்கிறது, எது எப்போது முடிகிறது என்ற விபரம். எல்லாம் சேர்த்து நாலு தாள்தான். அந்த நாலு தாளுக்கு அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே அலுவலுக்கு இறங்கப் போகிறவர்கள் நான் பட்டதைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். தகவல் கோரிக்கைப் படிவம் நிரப்பத் தெரியும், ஈ.பி.எல். என்றால் என்னவென்று ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கட ஊர் அமைப்பு இப்படி. மேற்கே வயல், வயலை ஒட்டி மில்லுகள். கிழக்கே வீடுகள், அதற்கப்பால் கடல். மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கினால் மில்லுப் புகைக்கூட்டில் இருந்து வரும் கரி உமி முழுக்க எங்கட கொடியில் காயும் உடுப்பிலும் கிணற்றிலும்தான். சிறுபோக அறுவடையும் கச்சானும் ஒன்றாய் வரும் ஓகஸ்ட் மாதத்தில் வெள்ளைச் சட்டை தோய்த்துப் போட முடியாது. வாடைக் காலத்தில் புகை மற்றப் பக்கம் போய்விடும், அப்போது யாருக்கும் நினைவிருக்காது. இந்தக் காற்றுக் கணக்கை மறக்க வேண்டாம், பிறகு இதற்கு வருவேன்.

நான் போவதற்கு முதலே ஊர்ச் சங்கம் ஒரு கடிதம் போட்டிருந்தது. "எமது பிரதேசத்தில் காற்றை மாசுபடுத்தும் ஆலைகள் எவை?" என்று கேட்டிருந்தார்கள். "அவ்வாறான ஆலைகள் எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் பதில். கேள்வி அப்படி இருந்தால் பதில் அப்படித்தான் வரும். அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் கிடைக்கும். கந்தோரில் என்ன காகிதம் இருக்கிறதோ, அந்தக் காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சபைக்கு முதல் தடவை போனபோது அந்த விடயத்துக்குப் பொறுப்பான கிளாக்கர் என்னை நன்றாகத்தான் வரவேற்றார். "எல்லா மில்லுக்கும் லைசன்ஸ் இருக்கு டீச்சர், பாருங்க" என்று ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து காட்டினார். பார்த்தால் அது வருடா வருடம் சபை கொடுக்கும் வியாபார அனுமதிப்பத்திரம். கடை நடத்தச் சபைக்குக் காசு கட்டிய கணக்கு அது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் வந்த திருத்தத்தோடு சேர்ந்தது. கழிவையோ புகையையோ வெளியே விடும் தொழிலுக்கு, இன்னின்ன நிபந்தனையோடு விடலாம் என்று கொடுக்கிற பத்திரம். "அது ரெண்டும் ஒண்டுதானே டீச்சர்" என்றார். பிறகு, "போன வருசம் டிசம்பர்ல நாடு முழுக்கப் புகை மூட்டம் வந்ததே, அது இந்தியாவில இருந்து வந்தது. மில்லைக் குறை சொல்லக்கூடாது" என்றும் ஒரு விளக்கம். 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று கெட்டுப்போனதால் பள்ளிக்கூடங்களை மூடியது உண்மைதான். மண்டூஸ் புயலோடு வந்த புகைக்கும் எங்கட கிணற்றில் மிதக்கிற உமிக் கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தேநீர் குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் எங்கட வீட்டுக்கு நேரே மேற்கில் இருக்கிற மில்லின் வரியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். "நெல் குற்றுதல், புழுங்கல் மற்றும் பச்சை அரிசி" என்று இருந்தது. அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும், இது தெரியாமல் போனால் பந்து மாதிரி அடிபடுவீர்கள். 2008 ஜனவரியில் வந்த 1533/16 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் உரிமம் எடுக்க வேண்டிய தொழில்களை அ, ஆ, இ என மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் கையில். மூன்றாவது பட்டியலுக்கு உள்ளூராட்சி சபைகள் உரிமம் கொடுக்கும், அது மூன்று வருடம் செல்லும். நெல் மில் இந்தப் பிரிப்பில் இரண்டாக உடைகிறது. அவிக்காமல் குற்றுகிற உலர் முறை மில் மூன்றாம் பட்டியல், சபையின் பொறுப்பு. ஊறவைத்து அவிக்கிற ஈர முறை மில் அதிகாரசபையின் பொறுப்பு. செங்கல், ஓட்டுச் சூளைகளும் சபைக்கு. மர ஆலை நாளொன்றுக்கு 50 கனமீற்றருக்குக் கீழே என்றால் சபைக்கு. பட்டியல்களில் பிறகு மாற்றங்களும் வந்திருக்கின்றன, ஆகவே கடைசியாக வந்த வர்த்தமானியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். எங்கட பகுதி மில்லுகளின் பத்திரங்கள் 2008 பட்டியலின்படி கொடுக்கப்பட்டவை.

அதிகாரசபையிடம் எங்கட பிரிவுக்கு உரிய ஈர முறை மில்லுகளின் பட்டியலைக் கேட்டு எழுதினேன், வந்தது. அதில் எங்கட வீட்டுக்கு மேற்கில் இருக்கிற அந்த மில் இல்லை.

அப்படியென்றால் அதன் கோவை சபையில்தான் இருக்க வேண்டும். தகவலுக்கான உரிமைச் சட்டப் படிவத்தோடு திரும்பிப் போனேன். சந்தியில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் நானாதான் டைப் பண்ணித் தந்தவர். தென்னைக்கு மானியம் தொடங்கி காணி உறுதி வரை எத்தனையோ கோரிக்கை டைப் பண்ணிய கை. "டீச்சர், 'ஏன்' எண்டு கேட்காதீங்க, 'பிரதி தரவும்' எண்டு மட்டும் எழுதுங்க" என்பது அவருடைய வாக்கு. நிரல் நிரலாகப் போட்டோம்: நிறுவனத்தின் பெயர், எந்தப் பட்டியலின் எந்த வகை, உரிம இலக்கம், வழங்கிய திகதி, முடிகிற திகதி, எரிபொருள், கடைசியாகப் பார்வையிட்ட திகதி. அதற்குக் கீழே, நிபந்தனைத் தாளினதும் பார்வையிட்ட அறிக்கையினதும் பிரதிகள்.

கிளாக்கரின் முகம் அன்றைக்கு மாறிவிட்டது. "இது எதுக்கு உங்களுக்கு? காரணம் எழுதித் தாங்க." காரணம் சொல்லத் தேவையில்லை என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தை நீட்டினேன். "தகவல் உத்தியோகத்தர் லீவு, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் கூட்டம். அடுத்த நாள் போனால் அவர் வந்துவிட்டுப் போய்விட்டார். கோரிக்கையை வாங்கினால் உடனே ஒப்புகை தர வேண்டும், அதைத் தருவதற்கு அங்கே ஒருவருக்கும் மனமில்லை. பதிவுத் தபாலில் போட்டேன், தபால் கந்தோர் துண்டே ஒப்புகை. நேரில் கொடுத்து நல்ல பெயர் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பதினான்கு வேலை நாள் என்பது சட்டம். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள், போயாவும் பெருநாளும் சனி ஞாயிறும் கழியும். அந்தக் கணக்கும் கடந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. கேட்ட விபரங்கள் மூன்றாம் தரப்பினரின் வர்த்தக இரகசியம், 5(1)(ஈ) பிரிவின்படி தர முடியாதாம். உரிமம் முடிகிற திகதி எப்படி வியாபார இரகசியம் ஆகும்? எந்த மில்லு முதலாளி மற்ற முதலாளியின் உரிமத் திகதியைத் தெரிந்துகொண்டு அரிசி விலையைக் குறைக்கப் போகிறார்? கடித உறையை எறியாமல் வைத்தேன். கடிதத்தில் இருந்த திகதிக்கும் தபால் முத்திரைக்கும் இடையில் ஒரு கிழமைக்கு மேல் இடைவெளி. முறையீட்டுக்குப் பதினான்கு நாள்தான் தருகிறார்கள் என்பதால் அந்த உறை முக்கியம்.

முறையீடு செய்யப் போன இடத்தில்தான் உண்மையான கூத்து. முறையீட்டை விசாரிக்க வேண்டிய குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர் யார் என்று கேட்டேன். "தவிசாளர்." தவிசாளர் எங்கே? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து கலைந்துவிட்டனவே. "அப்ப தேர்தல் முடிஞ்சு புதுத் தவிசாளர் வந்தாப் பிறகு வாங்க டீச்சர்." சிரிக்காமல் சொன்னார். அந்தத் தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு வருடம் கரி உமியோடு காத்திருந்திருப்பேன்.

நானா வழி சொன்னார். ஆளின் பெயருக்கு எழுதாமல், "குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர்" என்று பதவிக்கு எழுதி, உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குப் பிரதி போட்டோம். தவிசாளர் இல்லாவிட்டாலும் அந்த அதிகாரத்தை யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும், சபை சம்பளம் கொடுக்கிறதே. மூன்று கிழமைக்குள் முடிவு தராவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போவேன், அதற்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது என்றும் கடைசி வரியில் எழுதினோம். அந்த வரி வேலை செய்தது என்று நினைக்கிறேன். சபைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அன்று இருந்த அதிகாரி கோரிக்கையை ஒரு தரம் வாசித்துவிட்டு, "இதில என்ன இரகசியம் இருக்கு? கொடுங்க" என்றார். அவ்வளவுதான். கிளாக்கர் என்னைப் பார்க்கவேயில்லை.

போட்டோகொப்பி மெஷின் பழுதாம். ஆணைக்குழுவின் கட்டண விதியில் முதல் நாலு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய். காசு பிரச்சினையில்லை, மெஷின்தான் பிரச்சினை. கோவையைப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு, அப்படியே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அரை மணித்தியாலத்தில் மெஷின் திருந்திவிட்டது.

கோவைக்குள் இருந்ததைச் சொன்னால்தான் விளங்கும். உரிமத்தில் மில்லின் வகை "உலர் முறை". காலம் எப்போதோ முடிந்துவிட்டது, புதுப்பித்ததற்குத் தாள் இல்லை. பார்வையிட்ட அறிக்கை டிசம்பரில் எழுதியது. மழை, வாடை, அறுவடையும் இல்லை, மில்லும் ஓடவில்லை. "புகை அவதானிக்கப்படவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். பொய்யே இல்லை.

பொயிலர் நெல் அவிக்கத்தான். இந்த மில்லில் பொயிலர் இருக்கிறது. உலர் முறை மில்லுக்குப் பொயிலர் எதற்கு? அப்போதுதான் முதல் நாள் கிளாக்கர் தானாகக் காட்டிய பதிவேடு ஞாபகம் வந்தது. வியாபார அனுமதிப்பத்திரத்தில் புழுங்கல் அரிசி என்று மில்லுக்காரரே எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைச் சபையே பதிந்திருக்கிறது. அதே சபை உலர் முறை என்று உரிமமும் கொடுத்திருக்கிறது. இரண்டு தாளையும் ஒரு மட்டையில் வைத்து, வீதியில் நின்று எடுத்த களத்தில் புழுங்கல் நெல் காயும் படத்தையும் சேர்த்து அதிகாரசபைக்கு அனுப்பினேன். நிலையான மூலங்களின் புகைக்கென்று 2019 ஜூனில் வந்த 2126/36 இலக்க வர்த்தமானி இருக்கிறது, பொயிலர் அதற்குள் வருகிறது என்பதையும் குறிப்பிட்டேன். மூச்சுத் திணறுகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று ஒரு வரியும் எழுதவில்லை. அதெல்லாம் உண்மைதான், ஆனால் அதை எழுதினால் பதிலுக்கு அனுதாபம் வரும். பார்வையிட வருவதானால் ஓகஸ்டில், கச்சான் வீசும்போது, மில் ஓடும் நாளில் வரச் சொல்லி மட்டும் கேட்டேன்.

ஓகஸ்டில்தான் வந்தார்கள். ஈர முறைக்கு உரிய உரிமத்துக்கு விண்ணப்பிக்கவும், புகைக்கூட்டில் சாம்பலைப் பிடிக்கும் சைக்ளோன் பொருத்தவும் மில்லுக்குச் சொல்லப்பட்டது.

மில்லுக்காரர் வீட்டுக்கு வந்தார். "என்ன டீச்சர், மில்லை மூடிப் போடுவீங்களா? எத்தினை குடும்பம் இதில சீவிக்குது" என்றார். மூடச் சொல்லிக் கேட்கவில்லை, நானும் அங்கேதான் அரிசி வாங்குகிறேன் என்றேன். சபைக்கு வருடா வருடம் காசு கட்டுகிறேனே, எல்லாம் சரி என்றுதானே சொன்னார்கள் என்று அவர் கேட்டதில் எனக்குப் பதில் இல்லை. அந்த விஷயத்தில் அவரையும்தான் கந்தோர் ஏமாற்றியிருக்கிறது. மில் வைத்திருப்பவர்கள் யாராவது வாசித்தால், உங்கட உரிமத்தில் எந்த முறை என்று எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சைக்ளோன் பூட்டிய பிறகு கரி குறைந்தது, கொடியில் வெள்ளைச் சட்டை போடுகிறேன். நெல் ஊறவைத்த தண்ணீரின் நாற்றம் அப்படியே இருக்கிறது, அது வாய்க்கால் விடயம், வேறு கோவை. பட்டியலில் சூளை இரண்டுக்கும் மர ஆலை ஒன்றுக்கும் முடிகிற திகதி நிரல் வெறுமையாக விடப்பட்டிருந்தது. கேட்டால் "கோவை தேடப்படுகிறது" என்கிறார்கள். தேடப்படுகிறது என்பது மறுப்பா இல்லையா என்று நானாவும் நானும் வாக்குவாதப்பட்டோம். குறித்த காலத்துக்குள் தராவிட்டால் அதுவும் முறையிடக் கூடியதுதான் என்று சட்டத்தைப் பார்த்து முடிவெடுத்து, போன கிழமை அடுத்த முறையீட்டைப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறோம். துண்டு நானாவின் கடை லாச்சியில் இருக்கிறது.