பள்ளிக்குக் கொடுத்த கடிதம்

வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்காகப் ஆஸ்பத்திரியிலிருந்து நான் பள்ளிக்கு எழுதிய கடிதத்தில், அவளுக்கு வந்த மூளைக்காய்ச்சலைப் பற்றிய பேச்சே இல்லை. ‘கடுமையான காய்ச்சலுக்குத் தீவிர சிகிச்சை பெற்றவர்’ என்று மட்டும் இருக்கிறது. அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டது அது. “அந்தப் பேர மட்டும் எழுதிப்புடாதீங்க மேடம். பக்கத்துல யாரையும் உக்கார விடமாட்டாங்க. பொம்பளப் புள்ள வேற, நாளைக்கி ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும்.” நான் எழுதவில்லை. அது சரி என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் தோன்றாது.

அந்த அம்மாவின் பயம் வெறும் கற்பனை இல்லை, ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் பயப்படத்தான் செய்யும். ஆனால் உண்மை வேறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவால் வருவது. கிருமி கொக்கு, நாரைகளிலும் பன்றியிலும் பெருகிக் கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. பாக்டீரியாவால் வரும் மூளை உறைக் காய்ச்சலிலும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிள்ளையால் யாருக்கும் ஆபத்தில்லை. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம், ஆனால் தெருவில் யார் சொல்வது? அதோடு இந்தப் பெண்ணைப் போலப் பல பிள்ளைகளுக்கு எந்தக் கிருமி என்பதே கடைசிவரை தெரிவதில்லை. நாங்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் ஊர் தன் பதிலைச் சொல்லிக்கொள்கிறது.

ஆசிரியைக்கு நோயின் பெயரை விடப் பிள்ளையின் தேவைதான் முக்கியம் என்று அன்று நினைத்தேன். அதனால் தேவைகளை நீளமாகவே எழுதினேன். முதல் இரண்டு வாரம் அரை நாள் மட்டும் வரட்டும். கணக்கு, ஆங்கிலம் போன்ற பாடங்களைக் காலை முதல் இரண்டு பீரியடில் வைத்தால் நல்லது, மதிய சாப்பாட்டுக்குப் பின் மூளை சோர்ந்துவிடும். முன்வரிசையில், ஜன்னலை விட்டுத் தள்ளி இடம் கொடுங்கள். ‘நோட்டை எடு, தேதி போடு, பத்தாம் பக்கத்தைப் பார்த்து எழுது’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் முதலாவதுதான் நிற்கும். ஒன்றைச் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் பாதி போதும். கோபமோ அழுகையோ வந்தால் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்காமல், பத்து நிமிடம் வெளியே அமைதியாக உட்கார விடுங்கள்.

ஒரு பருவம் கழிந்து ஆசிரியை போன் செய்தார். “காய்ச்சல் எல்லாப் புள்ளைங்களுக்கும்தான் மேடம் வருது. இவ நல்லாத்தான் நடக்கிறா, பேசுறா. வீட்ல செல்லம் குடுத்துட்டாங்க.” குரலில் எரிச்சல் இல்லை, களைப்பு இருந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுப்பவருக்கு அதற்கான காரணம் வேண்டாமா?

அவர் பார்த்ததும் பொய்யல்ல. கை கால் விளங்காமல் போயிருந்தால் யாரும் செல்லம் என்று சொல்லப்போவதில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் நடந்துதான் வீடு திரும்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் நரம்பியல் குறை எதுவும் இல்லை என்று முடியும். அறிவுத்திறன் சோதனையிலும் சராசரி மதிப்பெண் வரும். சோதனை நடப்பது அமைதியான அறையில், எதிரில் ஒரே ஒருவர், ஒவ்வொரு கேள்வியாக. வகுப்பறை அப்படி இல்லை. கவனத்தை நிறுத்துவதும், அடுத்து என்ன என்று திட்டமிடுவதும், வந்த கோபத்தை அடக்குவதும் அந்த மதிப்பெண்ணில் சரியாகத் தெரியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. இவளைப் போன்றவர்கள் அவற்றில் எதிலும் எளிதில் அடங்குவதில்லை.

இன்னொன்று, பாதிப்பு தாமதமாகத் தெரியவரும். மூன்றாம் வகுப்பில் பட்ட அடி ஆறாம் வகுப்பில்தான் கண்ணுக்குப் படலாம். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெரிய பள்ளி, தானே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டிய வயது என்று சுமை கூடும்போதுதான் குறை வெளியே வருகிறது. அப்போது பழைய காய்ச்சலை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இந்த இடத்தில்தான் என் நியாயம் தளர்ந்துபோகிறது. அன்று பெயரை எழுதியிருந்தால், அந்தத் தாள் மூன்று வருடம் கழித்தும் பேசியிருக்கும்.

உடனடி ஆபத்துகளும் உண்டு. ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்து, உதட்டைச் சப்பி, பிறகு குழம்பி நிற்பது கவனக்குறைவாக இருக்காது, ஃபிட்ஸாக இருக்கலாம். மூளை உறைக் காய்ச்சலுக்குப் பின் காது கேட்காமல் போவதும் அடங்காப்பிடாரித்தனமாகத் தோன்றும். அதனால் டிஸ்சார்ஜ் ஆன ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை கட்டாயம். ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் மூளைக்காய்ச்சலில், தேறிய சில வாரங்களில் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, வாயும் கையும் தானாகக் கோணினால், நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நிலை அது. இங்கே அதற்குப் பேய் பிடித்ததென்று பெயர் வைத்துவிடுவார்கள். குணசீலம் கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ போவதில் தவறில்லை, மனசு ஆறும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் தவறு.

வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும். லெவிடிராசெட்டம் சில பிள்ளைகளுக்குச் சிடுசிடுப்பையும் ஆத்திரத்தையும் கொண்டுவரும், பெரும்பாலும் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில். பினோபார்பிடோன் சிலரை ஓரிடத்தில் உட்கார விடாது. குணம் மாறியது எந்தத் தேதியில், மருந்து மாறியது எந்தத் தேதியில் என்று அம்மாக்களை காலண்டரில் குறிக்கச் சொன்னால் பாதி விடை அதிலேயே கிடைக்கும். ஆனால் தானாக நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். மாற்றுவதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

இத்தனையையும் பெயர் இல்லாத ஒரு கடிதம் எப்படித் தாங்கும்? இருந்தாலும் அந்த அம்மா வேண்டாம் என்றதை மீறி எழுதியிருக்க என்னால் முடியாது. அவர் அடுத்த முறை வராமல் போனால் பிள்ளைக்கு எதுவுமே கிடைக்காது. இப்போது இரண்டு தாள் கொடுக்கிறேன். தேவைகள் எழுதிய தாள் பள்ளிக்கு. நோயின் பெயர், தேதி, ஸ்கேன் முடிவு, மருந்து எல்லாம் உள்ள தாள் வீட்டுக்கு, தடுப்பூசி அட்டையோடு வைக்க. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்கிறேன். காட்டுவார்களா என்பது அவர்கள் கையில்.

நானும் அம்மாவும் ஆசிரியையும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஐசியூவில் குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டியது அவளுக்கு நினைவிருக்கிறது. தப்பு செய்ததால் கட்டினார்கள் என்று நம்பியிருந்தாள். ராத்திரி அலறி எழுவது அதனால்தான். ஒன்பது வயதுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: “உன் மூளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. நீ எந்தத் தப்பும் பண்ணல. குழாய் வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் கையக் கட்டுனாங்க. மூளை இன்னும் ஆறிக்கிட்டு இருக்கு, அதான் சீக்கிரம் களைச்சுப் போற.” அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். பெயர் வந்த இடத்தில் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப டீச்சர்கிட்ட நானே சொல்லவா?” என்றாள் பிள்ளை. அம்மா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை.