கார் பெயரைச் சொல்லாமல் வாங்கிய ஸ்பேர்ஸ்

என் பழைய பத்மினி காருக்காக ஒரே கடைக்கு ஒரே நாளில் இரண்டு முறை போன் செய்தேன். காலையில், "பத்மினிக்கு முன் வீல் பேரிங் இருக்குங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப வர்றதே இல்ல சார். தேடித்தான் எடுக்கணும். ஒரு வீலுக்கு மூவாயிரத்து இருநூறு ஆகும்" என்றார். மத்தியானம் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். பழைய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் தேய்த்து, முகத்தில் பொறித்திருந்த எண்களைப் படித்து வைத்திருந்தேன். அந்த இரண்டு எண்களை மட்டும் சொன்னேன். "இருக்கு, ரெண்டும் சேர்த்து எண்ணூத்தி எண்பது" என்றார். என்ன வண்டிக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் ஏமாந்த கணக்கைத் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

வண்டி பெரியப்பாவுடையது. 1984 மாடல் பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் யாரும் பத்மினி என்று சொன்னதில்லை, பியட்டுதான். மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரி மண்டிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். பெரியப்பா போன பிறகு பதினோரு வருடம் தோப்பு ஷெட்டில் நின்றது. பின் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனால் பானட்டைத் திறந்து ஃபேனைக் கையால் தள்ளியபோது இன்ஜின் சுற்றியது. உள்ளே இறுகி சீஸ் ஆகவில்லை. சரி, இதை ஓட்டியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பழையபேட்டையில் பியட்டிலேயே கை பழகிய மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். "வேலை நான் செய்யறேன் தம்பி. சாமானை நீ கொண்டு வா" என்று சொல்லிவிட்டார்.

சாமான்தான் எல்லாப் பிரச்சினையும்.

முதல் வருடம் நான் செய்தது இதுதான்: இணையத்தில் படம் பார்ப்பது, பணம் அனுப்புவது. பின் விளக்குக் கண்ணாடி ஒன்று இரண்டாயிரத்து இருநூறு. பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் அதே கண்ணாடி நானூற்றைம்பதுக்குக் கிடைத்தது. அதுவும் ஓரத்தில் சின்னக் கீறலோடு இருந்ததால் பேரம் பேசி. கிரில்லுக்கு மேலே வரும் எழுத்துக்கு ஆயிரத்து எண்ணூறு கொடுத்தேன். வந்ததைப் பார்த்தால் பிளாஸ்டிக், அதன்மேல் வெள்ளி பெயின்ட். யார் அனுப்பினார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவரும் எங்கேயோ ஏமாந்துதான் வாங்கியிருப்பார்.

விலை ஏன் இப்படி ஏறியது என்று பாய்தான் புரிய வைத்தார். பத்மினி உற்பத்தி 2000-த்தை ஒட்டி நின்றுவிட்டது. ஆனால் மும்பை டாக்ஸிகள் ஓடிக்கொண்டிருந்தவரை கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, வாட்டர் பம்ப் எல்லாம் யாராவது செய்துகொண்டே இருந்தார்கள். டாக்ஸிக்காரர் ஆசைக்கு வாங்குகிறவர் இல்லை. இரண்டு கடை ஏறி விலை கேட்டுத்தான் எடுப்பார். அதனால் விலையும் அடங்கிக் கிடந்தது. அங்கே டாக்ஸிக்கு இருபது வருடம்தான் ஆயுள். கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29. ஆக 2023 அக்டோபரோடு அந்த ஓட்டமும் முடிந்தது. இப்போது வாங்குகிறவர்கள் என்னைப் போன்ற ஆசைக்காரர்கள் மட்டும்தான். நம் முகத்தைப் பார்த்ததுமே கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். கொல்கத்தா பக்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அதன் உற்பத்தி நின்றது 2014 மே மாதம்தான். கொல்கத்தா டாக்ஸி புண்ணியத்தில் அவர்களுக்கு இன்னும் சாமான் வருகிறது.

அதற்குப் பிறகு நான் கார் பெயரைச் சொல்வதையே விட்டேன். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழுவி, எண் இருக்கிறதா என்று பார்ப்பேன். பேரிங்கில் கட்டாயம் இருக்கும். ஆயில் சீலில் எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலை வைத்து உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் எடுத்துக்கொண்டால் போதும். "35, 52, 10" என்று கேட்டால், அந்தச் சீல் டிராக்டருக்கா பம்பு செட்டுக்கா என்று கடைக்காரர் யோசிக்க மாட்டார். ஹெட்லைட் ஏழு அங்குல வட்டம். ஜீப், புல்லட், அம்பாசடர் எல்லாவற்றுக்கும் அதே அளவுதான். அதைப் போய் பத்மினி லைட் என்று கேட்பானேன்? ஃபேன் பெல்ட்டுக்கும் ரேடியேட்டர் ஹோஸுக்கும் பழசைக் கையில் எடுத்துக்கொண்டு ரவுண்டானா பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். மேல் ஹோஸ் வளைவு ஒரு வேன் ஹோஸோடு ஒத்துப்போனது. இரண்டு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு தொண்ணூறு கிலோமீட்டர். அங்கே வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே ஒரு சௌகரியம் உண்டு. தெலுங்கும் கன்னடமும் அரைகுறையாகவாவது வரும். கடைக்காரரோடு கன்னடத்தில் ஆரம்பித்து, அவர் மார்வாடி என்று தெரிந்ததும் இந்திக்குத் தாவி உளறி, கடைசியில் அவரே தமிழில் பேச, விலை இருநூறு குறைந்த கதையும் நடந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், பாயின்ட் செட் எல்லாம் அங்கேதான் எடுத்தேன். பிஸ்டனும் அங்கேதான். 1089 சி.சி. இன்ஜின், போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 68 மில்லிமீட்டர். ஸ்டாண்டர்ட் சைஸ் கிடைக்கவில்லை, அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் செட் கிடைத்தது. முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அந்த அளவுக்குச் சிலிண்டரைக் கடைய இன்ஜின் பிளாக்கை போருக்குக் கொடுக்க வேண்டும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தருமபுரியில் ஒருவர் முதலில் போர் அடித்துவிட்டு, அந்த சைஸ் பிஸ்டனை எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் அவர்.

ஒரு முறை உயிருக்கே வந்தது. பழைய ஸ்டாக், கம்பெனி டப்பா, சீல் பிரிக்காதது என்று ஒரு கடையில் வீல் சிலிண்டர் கிட், அதாவது பிரேக்குக்கான ரப்பர் செட், கொடுத்தார்கள். விலையும் குறைவு. டப்பாவைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் பெரியப்பாவின் டேஷ்போர்டில் பார்த்த அதே டப்பா! மாட்டினோம். மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஓசூர் போய்விட்டுத் திரும்புகையில், மேலுமலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைக்குப் போகிறது. முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. பாய் வந்து டிரம்மைக் கழற்றினார். கப் ரப்பரை இரண்டு விரலால் மடக்கிக் காட்டினார். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. டப்பாவுக்குள் இருபது வருடம் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன். ஒரு சிலிண்டர் ஒழுகினால் நாலும் போச்சு. அன்றிலிருந்து கப், ஹோஸ், டயஃப்ரம் போன்ற ரப்பர் எதுவானாலும் சமீபத்தில் செய்ததுதான் வாங்குகிறேன், விலை எவ்வளவானாலும். இரும்புச் சாமான் என்றால் பழையதே மேல். அந்தக் காலத்துக் கதவுக் கொண்டியின் கனம் இன்றைக்கு வரும் டூப்ளிகேட்டில் இல்லை.

கியர் லிவர் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிக்கு கியர் ஸ்டீயரிங் பக்கத்தில். லிவரிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் ராடுகள், ஒவ்வொரு மூட்டிலும் பின்னைச் சுற்றி உட்காரும் ஒரு புஷ், சின்ன வளையம். எல்லாம் தேய்ந்து, லிவர் கஞ்சிக் கரண்டி மாதிரி ஆடும். ரிவர்ஸ் தேடினால் வேறெங்கோ போய் விழும். முழு புஷ் கிட் நாலாயிரத்து எண்ணூறு என்றார்கள். நண்பன் ஒருவன், ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் அழைத்துப் போனான். பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கிற பட்டறை. என் ஆறு புஷ்ஷுக்கு அவர் மெஷினை நிறுத்துவாரா என்று தயங்கித்தான் போனேன். அவர் புஷ்ஷைப் பார்க்கவே இல்லை. அது உட்காரும் பின்னைக் கையில் எடுத்தார். மைக்ரோமீட்டரில் ஒரு பக்கம் அளந்தார், கால் சுற்று திருப்பி மறுபடி அளந்தார். 11.9, 11.6.

"பின்னே முட்டை மாதிரி இருக்கு. இதுக்கு எந்தப் புஷ் போட்டாலும் ஆடும் தம்பி."

அதாவது அந்த நாலாயிரத்து எண்ணூறைக் கொடுத்து வாங்கியிருந்தாலும் லிவர் ஆடியிருக்கும். பின்னைப் புதிதாகக் கடைந்து, நைலான் ராடில் புஷ்ஷை அதன் அளவுக்கே ஓட்டினார். மெஷினிலிருந்து வெள்ளை நூல் மாதிரி சுருள் சுருளாகக் கழிந்து விழுந்தது. ஆறு புஷ், மூன்று பின், மொத்தம் தொள்ளாயிரம் ரூபாய். டீ அவருடைய கணக்கு. கடைகளில் அலைவதற்கு முன்பே இவரிடம் வந்திருக்கலாம். மாவட்டத்தில் இத்தனை லேத் இருந்தும் பழைய கார்க்காரர்கள் கொரியருக்குக் காத்துக் கிடப்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

கண்ணாடி, கதவு, ரேடியேட்டர் இவையெல்லாம் கடைய முடியாதே. அதற்கு முழு வண்டியாகவே ஒன்று வாங்கினேன். போச்சம்பள்ளி பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழி அடைந்துகொண்டிருந்த பியட். இருபத்திரண்டாயிரம். அந்த வீட்டு அம்மா கோழிக்குக் கூடு கட்டித் தந்தால்தான் வண்டியை எடுக்க விடுவேன் என்றார். அதற்கு ஒரு மூவாயிரம். நாலு கதவுக் கண்ணாடி, முக்கோணக் கண்ணாடி இரண்டு, ரேடியேட்டர், டைனமோ, வைப்பர் மோட்டார், பம்பர், பின் ஆக்சில் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டால் எழுபதாயிரத்துக்குக் குறையாது. இப்படி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேப்பர் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். உரிமையாளரே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ரத்து செய்த பிறகுதான் நான் வண்டியை அறுத்தேன். அதன் இன்ஜின் பிளாக்கை என் வண்டியில் போட்டிருந்தால் இன்ஜின் நம்பர் மாறும், அதற்குத் தனி அனுமதி. அந்த வேலைக்கே போகவில்லை.

மாற்றங்கள் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டைனமோவைக் கழற்றிவிட்டு மாருதி 800-இன் ஆல்டர்னேட்டரை ஒரு பிராக்கெட் செய்து மாட்டினோம். வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோ பேட்டரியைச் சார்ஜ் செய்யாது, சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அகல் விளக்காகிவிடும். டயர் 5.20-14 தேடி அலுத்துப்போய், ஸ்விஃப்ட் டிசையருக்கு வரும் 165/80 ஆர்14 போட்டேன். உயரம் ஏறக்குறைய அதேதான். டீசல் இன்ஜின் ஏற்று, அகல வீல் போடு என்று ஆலோசனை சொன்னவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. கலரைக்கூட ஆர்.சி.யில் உள்ளபடியே அடித்தேன். 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு ஐம்பது வருட வண்டிக்குத்தான். எனக்கு அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி.

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். தாத்தா வண்டியாம், இடது முன் கதவு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதாம். ஷெட்டில் சாய்த்து வைத்திருந்த கதவைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆறாயிரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்திருப்பான், சந்தேகமே இல்லை.

"எவ்வளவுங்கண்ணா?" என்றான்.

"ஆயிரத்து எண்ணூறு குடு. கொண்டியும் கண்ணாடியும் அதோடயே எடுத்துக்கோ. கீழ் ஓரத்தில் பட்டி போட்டிருக்கு, தட்டிப் பார்த்துக்கோ."

அவன் கதவை ஆட்டோவில் கட்டிக்கொண்டு போன பிறகு, பாய் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "ரெண்டாயிரத்து ஐநூறு சொல்லியிருக்கலாம்" என்றார்.