முதல் மாடு படுப்பதற்கு முன்

"ஒரு மாட்டுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது" என்று பண்ணையிலிருந்து அழைப்பு வரும் நாளுக்கு வெகு முன்பே நோய் அங்கே நுழைந்திருக்கும். தோல் கழலை நோயில் கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் தெரிய ஒன்று முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். அதனால் தெர்மாமீட்டரை எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்: கடந்த ஒரு மாதத்தில் எந்த மாடு வாங்கி வந்தீர்கள், எது வெளியே போனது?

இந்த வைரஸ் பெரும்பாலும் பூச்சியின் உடலுக்குள் பெருகுவதில்லை. வாயுறுப்பில் ஒட்டிக்கொண்டு போகிறது. கடி ஈ கடித்தால் வலிக்கும். மாடு காலை உதறும், பாதி வயிறோடு ஈ எழும்பிப் பக்கத்து மாட்டின் மேல் உட்காரும். இரத்தத்தைவிடத் தோல் கட்டிகளில்தான் வைரஸ் மிக அதிகம். அங்கே உட்கார்ந்த ஈதான் ஆபத்தானது. ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை அடுத்ததற்குப் போட்டால் நாமும் அந்த ஈயின் வேலையைத்தான் செய்கிறோம். அவசரத்தில் இது இன்னமும் நடக்கிறது என்பது வேதனை. மாட்டுக்கு ஒரு ஊசி, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நீலநாக்கு நோயின் கணக்கு வேறு. அதைப் பரப்பும் கியூலிகாய்டஸ் பூச்சி 1 முதல் 3 மி.மீ. அளவுதான், சாதாரணக் கொசுவலையில் புகுந்துவிடும். குடித்த இரத்தத்திலுள்ள வைரஸ் அதன் குடலைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டினால்தான் பரவும். 25 டிகிரி வெப்பத்தில் அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். 12 டிகிரிக்குக் கீழே போனால் வைரஸின் பெருக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். பூச்சியின் ஆயுளோ பொதுவாக இரண்டு மூன்று வாரந்தான். ஆகவே சில டிகிரி கூடினாலே, சாவதற்குள் நோயைக் கொடுத்துவிடும் பூச்சிகளின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. 2006 ஆகஸ்டில் நெதர்லாந்தின் தென்பகுதியில் எட்டாம் வகை நீலநாக்கு வைரஸ் தலைகாட்டியபோது, அதைச் சுமக்க வெப்பமான தெற்கு நாடுகளின் பூச்சி எதுவும் தேவைப்படவில்லை. அங்கேயே இருந்த கியூலிகாய்டஸ் இனங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

நீலநாக்கு வந்தால் செம்மறியில் முகம் வீங்கும், எச்சில் ஒழுகும், குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நொண்டும். மாடோ பெரும்பாலும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் அதன் இரத்தத்தில் பல வாரங்கள் வைரஸ் இருக்கும். ஆட்டை மட்டும் பார்த்துவிட்டு மாட்டை வண்டியேற்றி அனுப்புவதில்தான் பல கட்டுப்பாடுகள் உடைகின்றன. சோதனைக்கு எடுத்த இரத்தத்தை, அது கட்டியாகாமல் தடுக்கும் எடிடிஏ மருந்துள்ள குழாயில் 4 டிகிரியில் வைக்க வேண்டும். குளிரில் பனிக்கட்டியாக உறைய விட்டால் சிவப்பணுக்கள் வெடித்து, வைரஸைப் பிரித்தெடுப்பது கடினமாகும். தோல் கழலைக் கட்டியிலிருந்து எடுத்த தோலை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் வைரஸ் செத்துவிடும்.

கொசு பரப்பும் இன்னொரு கால்நடை நோயான ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலில் வெள்ளநீர் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் வைரஸோடு காத்திருக்கும். பெருமழைக்குப் பின் மந்தை முழுக்கக் கரு கலைந்து கன்று வீசத் தொடங்கினால் முதலில் கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

பூச்சிமருந்தை முதுகில் மட்டும் தெளிப்பது இன்னொரு தவறு. கடி ஈ பெரும்பாலும் கால்களைத்தான் கடிக்கும். சாணமும் மூத்திரமும் கலந்த ஈர வைக்கோலில் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒருமுறை அதை வாரிக் காயவிட்டால், எந்த மருந்தையும்விட ஈக்கள் அதிகம் குறையும்.

தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி முழுதாக வர மூன்று வாரம் வரை ஆகும். இடையில் விழும் மாடுகள் ஏற்கெனவே தொற்றியவையாகவோ, பாதுகாப்பு வருமுன் கடிபட்டவையாகவோ இருக்கும். உரிமையாளர் கண்ணுக்கு ஊசிதான் குற்றவாளி. போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காது எண்ணுக்கும் எதிரே ஊசி போட்ட தேதியையும் அன்றைய காய்ச்சல் அளவையும் எழுதி வையுங்கள்.